கழுத்தும் கண்ணும்: காவற்படை செய்யும் பிழை



தை மாதத்து டில்லிக் குளிரை நம்மவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கம்பளிச் சட்டையின்மேல் சால்வையும், சால்வையின்மேல் போர்வையுமாகக் குடும்பமே ஒடுங்கியிருக்கும் அந்நாட்களில், வீட்டில் ஒருவர் மட்டும் மெல்லிய பருத்தி உடையோடு நடமாடி, "எனக்கு வேர்க்கிறது, சன்னலைத் திறவுங்கள்" என்று சொல்வாரானால், மற்றவர்கள் வியப்பார்கள். "வடநாட்டுக் குளிர் இவருக்குப் பழகிவிட்டது" என்று பெருமையாகவும் பேசிக்கொள்வார்கள். சில திங்கள் கழித்து அவருடைய கண்கள் சிவந்து நீர் வடிந்தால், கோடையில் வீசும் 'லூ' என்னும் அனற்காற்றின் புழுதிமேல் பழி விழும். உடல் மெலிந்தால் வெளியூர்ச் சாப்பாட்டின்மேலும், நெஞ்சு படபடத்தால் அலுவலகக் கவலையின்மேலும் பழி விழும். இவ்வாறு ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு காரணத்தை நாமே கற்பித்து மன அமைதி அடைந்துவிடுகிறோம். ஆயினும், இவை அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகவும் இருத்தல் கூடும். அந்த வேர் எது, அது கழுத்தில் தோன்றிக் கண்ணைத் தாக்குவது எவ்வாறு, நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போன்ற வடிவில் ஒரு சுரப்பி அமைந்திருக்கிறது. தைராய்டு என்பது அதன் பெயர். எடை ஏறக்குறைய 20 கிராம். உணவில் கிடைக்கும் அயோடினைக் கொண்டு அது சில ஹார்மோன்களைச் செய்து இரத்தத்தில் கலக்கிறது. உடலின் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை அந்த ஹார்மோன்களே வகுக்கின்றன. அவை மிகுந்தால் இதயம் விரைந்து துடிக்கும், பசி மிகும், ஆனால் உடல் மெலியும், கை நடுங்கும், உறக்கம் கெடும், வெப்பம் பொறுக்க இயலாது. குறைந்தாலோ சோர்வும், உடல் கனத்தலும், மலச்சிக்கலும், குளிர் தாங்காமையும் தோன்றும்.

1835ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்து மருத்துவர் இராபர்ட் கிரேவ்ஸ் என்பார், கழுத்துச் சுரப்பி வீங்கி, இதயம் படபடத்த சில பெண்களின் நோயை விவரித்தார். 1840இல் ஜெர்மனியில் மெர்செபர்க் என்னும் ஊரில் வாழ்ந்த பாசடோ என்னும் மருத்துவர், கழலை, நெஞ்சுப் படபடப்பு, பிதுங்கிய கண் ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுவதை எடுத்துக் காட்டினார். இந்நோயை ஆங்கிலேயர் கிரேவ்ஸ் நோய் என்றும், ஜெர்மானியர் பாசடோ நோய் என்றும் வழங்குகின்றனர். கழுத்தும் இதயமும் கண்ணும் ஏன் ஒரே வேளையில் நோயுறுகின்றன என்னும் வினாவிற்கு மட்டும் அவ்விருவர் காலத்தில் விடை கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தைத் தெளிவாக்குதல் நன்று. வடமாநிலங்களில் வாழும் நம்மவர் பலரும் 'கேங்கா' என்னும் இந்திச் சொல்லைக் கேட்டிருப்பர். இமயமலை அடிவாரத்து மக்களிடையே காணப்பட்ட முன்கழுத்துக் கழலைக்கு அங்கே வழங்கும் பெயர் அது. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்திருப்பதால் வருவது அந்தக் கழலை. 1956ஆம் ஆண்டு தொடங்கிக் காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் அயோடின் சேர்ந்த உப்பை மக்களுக்கு வழங்கி ஆராய்ந்து, அது கழலையைக் குறைப்பதை மெய்ப்பித்தனர். 1962இல் நம் நாட்டில் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தோன்றியது. ஆகவே, "கழுத்து வீங்கினால் அயோடின் போதவில்லை" என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியிருப்பது இயல்பே. ஆனால், நாம் இன்று பேசும் நோய் அயோடின் குறையால் வருவதன்று. இதற்கு அயோடின் மருந்துகளைத் தாமே வாங்கி உண்பவர்கள் நோயை வளர்த்துக்கொள்ளவும் நேரும். வீட்டில் வழக்கமாகப் பயன்படும் அயோடின் உப்பை நிறுத்தவும் வேண்டா. அதற்குமேல் அயோடின் மாத்திரைகளையும் கடற்பாசிப் பொடிகளையும் நாடவும் வேண்டா.

அப்படியானால் இந்நோய்க்குக் காரணம் யாது? வியப்பான விடை ஒன்று உண்டு. நம்மைக் காக்கும் படையே நம்மை எதிரியெனக் கருதிவிடுவதுதான் காரணம்.

உடலுக்குள் புகும் நச்சுக் கிருமிகளை எதிர்க்க, இரத்தத்திலும் நிணநீரிலும் வெள்ளணுக்கள் என்னும் காவற்படை உலவுகிறது. அதில் ஒரு பிரிவு பி அணுக்கள். அவை அயற்பொருளைக் கண்டால் அதனுடன் பொருந்தி ஒட்டக்கூடிய எதிர்ப்பொருள்களைச் செய்து வெளியிடும். மற்றொரு பிரிவு டி அணுக்கள். அவை படைத்தலைவரைப் போல ஏவல் இடும். தேவையானபோது தாமே போரிடும். இவ்வணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியும் உண்டு. சைட்டோகைன்கள் எனப்படும் நுண்ணிய புரதங்களே அந்த மொழி. "இங்கே வா", "பெருகு", "வீக்கத்தை உண்டாக்கு", "போதும், நிறுத்து" என்றெல்லாம் அவை செய்தி சொல்லும்.

இப்படைக்கு முதற்பாடம், தன்னைச் சார்ந்தது எது, அயலானது எது என்று பகுத்தறிவது. தன் உடலையே தாக்கக்கூடிய அணுக்களில் பெரும்பாலானவை முதிர்வதற்கு முன்பே களையப்படுகின்றன. தப்பியவற்றை அடக்கி வைக்கவும் கட்டுப்பாடுகள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்வதற்கு அஞ்சும் என்று எழுதினார். அவர் கூறியதன் நுட்பத்தை உணராத பலர், அத்தகைய தாக்குதல் நிகழவே நிகழாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர்.

அந்நம்பிக்கை 1956ஆம் ஆண்டில் தகர்ந்தது. ஒரே ஆண்டில் மூன்று நாடுகளில் மூன்று உண்மைகள் வெளிப்பட்டன. அமெரிக்காவில் பஃபலோ நகரில் ரோஸ், விட்டெப்ஸ்கி என்னும் இருவர், முயலின் தைராய்டுச் சாற்றை முயலுக்கே ஊசி வழியாகச் செலுத்தி, அதன் தைராய்டு அழற்சியுறுவதைக் கண்டனர். இலண்டனில் ராய்ட், டோனியாக், கேம்பெல், ஹட்சன் ஆகியோர், ஹாஷிமோட்டோ நோயுற்றவர்களின் இரத்தத்தில் அவர்களது சொந்தத் தைராய்டுக்கு எதிரான பொருள்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். இந்த ஹாஷிமோட்டோ நோய், 1912இல் ஹாஷிமோட்டோ ஹகாரு என்னும் ஜப்பானிய மருத்துவர் நான்கு பெண்களிடம் கண்டு விவரித்தது. சுரப்பி மெல்ல மெல்ல அழிந்து, ஹார்மோன் குறைந்துபோகும் நோய். நியூசிலாந்தில் ஆடம்ஸ், பர்வெஸ் என்னும் இருவர், கிரேவ்ஸ் நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டை நெடுநேரம் தூண்டிக்கொண்டேயிருக்கும் ஒரு புதுப்பொருளைக் கண்டனர். அப்பொருள் ஓர் எதிர்ப்பொருளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இங்கே ஓர் ஐயம் எழும். எதிர்ப்பொருள் என்பது அழிக்க வல்லதன்றோ? அது சுரப்பியை அழிக்காமல், எவ்வாறு தூண்டிவிடுகிறது?

ஓர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். தலைமை அதிகாரி கையொப்பமிட்டு ஆணை அனுப்பினால்தான் கீழ்ப்பிரிவு வேலை செய்யும். வேலை மிகுந்துவிட்டால் அவர் ஆணைகளைக் குறைத்துவிடுவார். நம் உடலில் மூளையின் அடியில் அமைந்த பிட்யூட்டரி சுரப்பியே அந்தத் தலைமை அதிகாரி. டி.எஸ்.எச். எனப்படும் ஹார்மோனே ஆணை. தைராய்டு அணுக்களின் மேற்பரப்பில் அந்த ஆணையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. டி.எஸ்.எச். அங்கே வந்து பொருந்தியதும், அணுவினுள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் பெருகி, ஹார்மோன் உற்பத்தி தொடங்கும்.

கிரேவ்ஸ் நோயில் தோன்றும் எதிர்ப்பொருள், அதே ஏற்பியில், டி.எஸ்.எச். பொருந்துவது போலவே பொருந்தி, அதே தூதினை எழுப்புகிறது. அதிகாரியின் கையொப்பத்தைப் பிழையின்றிப் போலி செய்பவன் ஆணைகளை எழுதித் தள்ளுவதை ஒத்தது இது. கீழ்ப்பிரிவு இரவும் பகலும் உழைக்கிறது. ஹார்மோன் மிகுதியைக் கண்ட பிட்யூட்டரி தன் ஆணையை அறவே நிறுத்திவிடுகிறது. ஆனால், போலியாளனோ இரத்தத்தின் ஹார்மோன் அளவைப் பார்த்து நிறுத்துபவன் அல்லன். ஆகவேதான், இந்நோயாளியின் இரத்தத்தைச் சோதித்தால் டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்தும், தைராய்டு ஹார்மோன்கள் உயர்ந்தும் காணப்படுகின்றன. போலியாளனையே நேரில் பிடிக்கும் சோதனையும் இன்று உண்டு. டி.எஸ்.எச். ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளை அது அளந்து சொல்லும்.

இனிக் கண்ணுக்கு வருவோம். கிரேவ்ஸ் நோயுற்றவருள் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மிகுதியானோருக்கோ கண்நோயும் தோன்றுகிறது. பெரும்பாலோருக்கு அது எளியது. நூற்றில் ஒரு சிலருக்கே பார்வையை அச்சுறுத்தும் அளவுக்கு முற்றும். சிலருக்குக் கழுத்து நோய்க்கு முன்பே கண்நோய் வந்துவிடுவதும், ஹார்மோன் குறைந்த ஹாஷிமோட்டோ நோயாளிக்கு அரிதாகத் தோன்றுவதும் உண்டு.

கண்ணுக்குப் பின்னால், எலும்புச் சுவர்களால் ஆன குழியில், கண்ணை அசைக்கும் தசைகளும், மெத்தை போன்ற கொழுப்பும், மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பும் உள்ளன. இவற்றினிடையே நார்த்திசு அணுக்கள் பரவியிருக்கின்றன. தைராய்டில் இருக்கும் அதே டி.எஸ்.எச். ஏற்பி இந்த நார்த்திசு அணுக்களிலும் காணப்படுகிறது! அதற்கு அருகிலேயே, இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பி, ஐ.ஜி.எஃப்.-1 ஏற்பி என்பது, மிகுதியாக அமைந்திருக்கிறது. இவ்விரு ஏற்பிகளும் ஒன்றோடொன்று இணைந்து செயற்படுவன. ஒன்றைத் தட்டினால் மற்றொன்றும் ஒலிப்பது போலும். எனவே, கழுத்துக்காக எழுதப்பட்ட போலி ஆணை கண்குழியிலும் செல்லுபடியாகிவிடுகிறது.

டி அணுக்களும் அங்கே வந்து குழுமுகின்றன. அவை நார்த்திசு அணுக்களுடன் நேரடியாக ஒட்டியும், சைட்டோகைன்களை வெளியிட்டும் அவற்றைக் கிளர்ச்சியுறச் செய்கின்றன. கிளர்ச்சியுற்ற நார்த்திசு அணுக்கள் தாமும் சைட்டோகைன்களை வெளியிட்டு மேலும் வெள்ளணுக்களை அழைக்கின்றன. இன்டர்லூக்கின்-6 என்பது அவற்றுள் ஒன்று. பின்னர் இரு காரியங்கள் நிகழ்கின்றன. ஒன்று, ஹயலுரோனான் என்னும் பொருள் பெருகுகிறது. அது பஞ்சைப் போல நீரை இழுத்து வைத்துக்கொள்வது. தசைகள் அதனால் பருக்கின்றன. மற்றொன்று, நார்த்திசு அணுக்களில் ஒரு பகுதி கொழுப்பணுக்களாக மாறுகிறது. எலும்புச் சுவரோ நெகிழாது. உள்ளே பொருள் பெருகினால், வழி முன்புறம் ஒன்றே. ஆகவே கண் முன்னுக்குத் தள்ளப்படுகிறது. தசைகள் இறுகிவிட்டால் இரு கண்களும் ஒருமித்து அசையாமல், ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். பின்புறத்தில் பார்வை நரம்பு நெருக்குண்டால், நிறங்கள் மங்கிப் பார்வையே குன்றும். முன்னுக்கு வந்த கண்ணை இமைகள் முழுதும் மூட இயலாவிடின், உறக்கத்திலும் கருவிழி உலர்ந்து புண்ணாகும்.

காவற்படை இவ்வாறு பிறழ்வது ஏன்? பரம்பரை ஒரு காரணம். ஒரே குடும்பத்தில் பலருக்குத் தைராய்டு நோய் காணப்படுவது இதனாலேயே. படையை அடக்கும் கட்டுப்பாடுகளுள் ஒன்றான சி.டி.எல்.ஏ.-4 என்னும் புரதத்திற்குரிய மரபணுவின் வேறுபாடுகளும் இந்நோயோடு தொடர்புற்றுள்ளன. அக்கட்டுப்பாட்டைத் தளர்த்திப் புற்றுநோயை எதிர்க்கும் புதிய மருந்துகளைப் பெறுவோரில் சிலருக்குத் தைராய்டு அழற்சி உண்டாகிறது என்பது, கட்டுப்பாடு எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் சான்று. கிரேவ்ஸ் நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் பன்மடங்கு மிகுதி. பிள்ளைப்பேற்றுக்குப் பின்வரும் மாதங்களிலும் அது தலைகாட்டுவதுண்டு. கண்நோயின் கடுமையோ ஆண்களிடமும் முதியோரிடமும் மிகுதி. இவை நம்மால் மாற்றத்தக்கவை அல்ல. மாற்றத்தக்க காரணங்களுள் தலையாயது ஒன்றுண்டு, அது புகைபிடித்தல். புகைப்பவர்க்குக் கண்நோய் வரும் வாய்ப்பும் மிகுதி, வந்தால் முற்றும் வாய்ப்பும் மிகுதி. மருந்து வேலை செய்யும் திறமும் குறைவு. தைராய்டு நோய் உள்ளவர் சிகரெட்டையும் பீடியையும் இன்றே விடுவதைக் காட்டிலும் கண்ணுக்குச் செய்யத்தக்க பேருதவி வேறில்லை.

நோயை முதலில் கண்டுகொள்வது யார்? பெரும்பாலும் உடன் வாழ்பவர் அல்லர். நாள்தோறும் பார்க்கும் முகத்தில் மெல்ல வரும் மாற்றம் கண்ணுக்குப் புலனாவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஊரிலிருந்து வரும் தாயாரோ தமக்கையோதான், "உன் பார்வை ஏன் இப்படி மாறிவிட்டது?" என்று கேட்பார். அந்தச் சொல்லைக் கண்ணேறு என்றோ, முதுமைக் கவலை என்றோ தள்ளிவிட வேண்டா. மருத்துவரிடம் செல்லும்போது, சுவரில் மாட்டியிருக்கும் பழைய புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அன்றைய கண்ணையும் இன்றைய கண்ணையும் ஒப்பிட அது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். இந்நோயுற்றவரின் அகன்ற விழிகளைக் கண்டு, "எப்போதும் கோபமாகவே இருக்கிறார்" என்று அண்டை அயலார் எண்ணுவதும், நோயாளி அதற்கு நாணி வெளியே செல்லாது ஒடுங்குவதும் நிகழ்கின்றன. அது கோபமன்று, நோயே என்று குடும்பத்தார் உணர்ந்து, பிறருக்கும் உணர்த்துதல் வேண்டும்.

மருத்துவ முறைகள் பல. கார்பிமசோல், மெதிமசோல் போன்ற மருந்துகள் சுரப்பியில் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும். இவற்றை உண்பவர் நினைவிற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. அரிதாக இம்மருந்துகள் வெள்ளணுக்களை மிகவும் குறைத்துவிடும். காய்ச்சலோ, தொண்டைவலியோ, வாய்ப்புண்ணோ திடீரெனத் தோன்றினால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் கண்டு வெள்ளணுக்களின் எண்ணிக்கையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கதிரியக்க அயோடினால் சுரப்பியை ஒடுக்குவதும், அறுவையால் அதை நீக்குவதும் பிற வழிகள். கண்நோய் கிளர்ந்திருக்கும்போது கதிரியக்க அயோடின் அதை மிகுவிக்கலாம் என்பதால், கண்ணைச் சோதித்த பின்னரே அதை முடிவு செய்தல் முறை. ஹார்மோன் மிகுந்தாலும் குறைந்தாலும் கண்ணுக்குக் கேடு, சமநிலையே காப்பு.

கண்நோய்க்கு ஓர் இயல்பான போக்கு உண்டு. முதலில் அழற்சி எரியும் காலம். பிறகு அது தணிந்து, மாற்றங்கள் நிலைத்துவிடும் காலம். அழற்சி எரியும் காலத்தில் மருந்துகள் மிகுந்த பயன் தரும். எளிய நிலையில் கண் உலராமல் காக்கும் சொட்டு மருந்துகளே போதும். கடுமையான நிலையில் மெதில்பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை வாரந்தோறும் நரம்பு வழியாகச் செலுத்துவது நெடுநாளைய வழக்கம்; அது படையின் கூச்சலையே பொதுவாக அடக்குவது. டெப்ரொட்டுமுமாப் என்னும் புதிய மருந்தோ, ஐ.ஜி.எஃப்.-1 ஏற்பியின் வாயிலை மட்டும் அடைப்பது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு சனவரியில் அதற்கு அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு வெளியான ஓர் ஆய்வில், 24 வாரங்களில் கண் பிதுக்கம் தக்க அளவு குறைந்தவர்கள், அம்மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 83 பேர். வெற்று மருந்து பெற்றோரில் 10 பேரே. எனினும் அது மிகுந்த செலவுடையது, செவித்திறன் குறைதல், இரத்தச் சர்க்கரை ஏறுதல் ஆகிய தீங்குகளும் அதற்குண்டு, கருவுற்றோருக்கு ஆகாது. அழற்சி தணிந்த பின் எஞ்சும் குறைகளை அறுவை மருத்துவம் சரிசெய்யும்: முதலில் கண்குழியை விரிவாக்குதல், அடுத்துக் கண் தசைகளைச் சீராக்குதல், இறுதியில் இமைகளைத் திருத்துதல் என்பது வரிசை. பார்வை நரம்பு நெருக்குண்டால் மட்டும் இவ்வரிசைக்கும் காலத்திற்கும் காத்திராமல் உடனே செயற்பட வேண்டும். நிறங்கள் மங்குதல், பார்வை குன்றுதல், கண்ணைத் திறக்க இயலாத வலி ஆகியன தோன்றினால், ஒரு நாளும் தாமதியாதீர்கள்.

இறுதியாக, வெளிமாநிலத்தில் வாழும் நம்மவருக்கென்று ஒரு சொல். தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். அவளுக்குக் கிரேவ்ஸ் நோய் இருந்தாலும், முன்பு இருந்து குணமாகிவிட்டிருந்தாலும், அதை ஊர் மருத்துவரிடம் தவறாது சொல்ல வேண்டும். நாம் கண்ட அந்தப் போலி ஆணை, நச்சுக்கொடியைக் கடந்து கருவிலுள்ள குழந்தையின் தைராய்டையும் தூண்ட வல்லது. தாயின் சுரப்பி ஒடுக்கப்பட்டிருந்தாலும் அவளது இரத்தத்தில் எதிர்ப்பொருள் எஞ்சியிருக்கலாம். முன்கூட்டி அறிந்தால், மருத்துவர் அதை அளந்து, தாய்க்கேற்ற மருந்தை மாற்றித் தந்து, குழந்தையையும் கண்காணிப்பார். குழந்தைக்கு வரும் தொல்லையும் எதிர்ப்பொருள் மறையச் சில திங்களில் மறையும். அறியாவிட்டால், பச்சிளங் குழந்தையின் விரைந்த நெஞ்சுத் துடிப்புக்குக் காரணம் தேடி அனைவரும் திகைக்க நேரும். ஆதலால், மகளின் பெட்டியில் பட்டுப்புடவையோடு, இரத்தச் சோதனைத் தாள்களும் மருந்துச் சீட்டுகளும் இருக்கட்டும். மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கும் இதுவே சொல்: தட்டுமுட்டுச் சாமான்களோடு மருத்துவக் கோப்பையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

நம்மைக் காக்கும் படை பகையாவது வருத்தத்திற்குரியதே. ஆயினும், அது எந்த வாயிலில் எந்த ஆணையோடு நுழைகிறது என்பதை அறிவியல் இன்று பெரும்பகுதி கண்டுகொண்டது. வாயிலை அடைக்கும் வழிகளும் வந்துள்ளன. எஞ்சியிருப்பது, குறிகளைக் காலத்தோடு கண்டுகொள்ளும் நம்முடைய கடமை. அடுத்த தையில், வீட்டில் ஒருவர் மட்டும் குளிரவில்லை என்று சொன்னால், பெருமைப்படுவதற்கு முன் அவருடைய கழுத்தையும் கண்ணையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.